எட்டு வருடம் கழித்துச் சொன்ன சாவு

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. தொண்ணூறுகளின் நடுவில், நான் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பௌர்ணமி நாள் விடியற்காலையில் அப்பா இறந்தார்.

2. யார் யாருக்குச் சாவு சொல்ல வேண்டும் என்ற பட்டியலை நான் எழுதினேன். நாற்பத்தொரு வீடுகள்.

3. அப்பாவின் கூடப்பிறந்த ஒரே அக்காவின் (எனக்கு அத்தை, அம்மாவுக்கு அண்ணி) வீடு அதில் இல்லை. விட்டுப்போனதை அன்று நான் கவனிக்கவில்லை.

4. "அண்ணிக்குச் சொல்லியாச்சா?" என்று அம்மா கேட்டாள். "சொல்லியாச்சு" என்றேன்.

5. மாலை நான்கு மணிக்கு எடுத்தார்கள். அத்தை வரவில்லை.

6. பதினாறாம் நாள் காரியத்தில், உறவுக்காரர்கள் எல்லோர் முன்னாலும், அத்தைக்குச் சொல்லி அனுப்பியது உண்மை என்று அம்மா சூடம் அணைத்துச் சத்தியம் செய்தாள். அதற்குள் எனக்கு உண்மை தெரிந்துவிட்டிருந்தது. நான் வாய் திறக்கவில்லை.

7. எட்டு வருடம் போனது.

8. துக்கத்தைப் பற்றிய ஒரு நாட்டிய நாடகத்துக்கு விளக்குப் போடப் போனேன்.

எட்டாவது நடக்காமல் இருந்திருந்தால் மற்ற ஏழையும் நான் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன்.

எங்கள் பக்கத்தில் சாவை ஆள் போய்த்தான் சொல்ல வேண்டும். டெலிபோன் வந்த பிறகும் நெருங்கின உறவுக்கு ஆள்தான். போகிறவர் அந்த வீட்டுக்குள் நுழைய மாட்டார். தண்ணீர் கொடுத்தாலும் குடிக்க மாட்டார். வாசலில் நின்று சொல்லிவிட்டு, 'வரேன்' என்று சொல்லாமல் திரும்பிவிடுவார். கேள்விப்பட்டு வருவது வேறு, சொல்லி வருவது வேறு. கேள்விப்பட்டதற்காக யாரும் வர மாட்டார்கள். சொல்லாமல் விட்டால், உறவே வேண்டாம் என்று சொன்னதாகத்தான் அர்த்தம்.

அன்று காலை வீட்டில் எழுதத் தெரிந்து, கை நடுங்காமல் இருந்தவள் நான் ஒருத்திதான். அந்த வாரம் வகுப்பில் மின் விநியோகப் பாடம் நடந்துகொண்டிருந்தது. துணை மின்நிலையத்திலிருந்து ஊர் ஊராக மின்சாரம் கொண்டுபோகும் ஃபீடர்கள் பிரிவதுபோல உறவினர்களை ரோடு வாரியாகப் பிரித்தேன். போளூர் ரோடு, செங்கம் ரோடு, தண்டராம்பட்டு ரோடு, வேட்டவலம் ரோடு, திண்டிவனம் ரோடு. ரோட்டுக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. பெரியப்பா அதைப் பார்த்துவிட்டு, "படிச்ச பொண்ணு படிச்ச பொண்ணுதான்" என்றார். ஐந்து பேரும் பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார்கள்.

அத்தை வீடு அடி அண்ணாமலையில். மலை சுற்றும் பாதையில் இருக்கும் ஊர். நான் பிரித்த ஐந்து ரோட்டில் எதிலும் அது வரவில்லை. எல்லோரையும்விட அருகில் இருந்த வீட்டுக்கு நான் ஃபீடர் இழுக்கவில்லை.

மதியம் வரை யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பௌர்ணமி என்பதால் பாதை முழுக்கக் கூட்டம், பஸ் எல்லாம் சுற்றிப் போகிறது, அத்தை எங்கேயாவது மாட்டிக்கொண்டிருப்பாள் என்றார்கள். அம்மா என்னைக் கூப்பிட்டுக் கேட்டது அப்போதுதான். என் கையில் பட்டியல் இருந்தது. எல்லாப் பெயருக்கும் பக்கத்தில் டிக் அடித்திருந்தேன். டிக்குகளைப் பார்த்துச் சொன்னேன், பெயர்களைப் பார்க்கவில்லை. பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்ல, எல்லோரும் வரிசையாக வாய்க்கரிசி போட்டார்கள். கூடப் பிறந்தவள் போட வேண்டிய அரிசி தட்டிலேயே இருந்தது.

மூன்றாம் நாள் மாமா, அத்தையின் வீட்டுக்காரர், வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றவில்லை. "எங்க வூட்டுக்கு ஒரு ஆளு கெடைக்கலியா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்று மதியம் பட்டியலை எடுத்து மேலிருந்து கீழே மூன்று முறை படித்தேன்.

அம்மாவுக்கும் அத்தைக்கும் அதற்கு முன்பே பெரிய ஒட்டுதல் இல்லை. என் காதுகுத்துக்கு நாள் குறித்தபோது அத்தையைக் கேட்கவில்லை என்ற பழைய வருத்தம் ஒன்று இருந்தது. அதனால் அம்மா வேண்டுமென்றே சொல்லாமல் விட்டாள் என்று பேச்சு கிளம்பியது. பதினாறாம் நாள் மாமா சபையில் எழுந்து, "சொன்னீங்களா, சொல்லலியா? ஒரே வார்த்த" என்று கேட்டார். அம்மா தட்டில் சூடத்தைக் கொளுத்தி உள்ளங்கையால் அணைத்தாள். மலை சுற்றும் பாதை செங்கம் ரோட்டிலிருந்துதான் பிரிகிறது என்பதால், அந்த ரோட்டுக்குப் போன சித்தப்பா மகன்தான் போகிற வழியில் சொல்லாமல் விட்டிருப்பான் என்று பாதிப் பேர் முடிவு செய்தார்கள். மீதிப் பேர் அம்மாவை நம்பவே இல்லை. நான் தூணோரம் நின்று வாழை இலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இனி நாடகம்.

டிப்ளமோ முடித்து, யூ.பி.எஸ்., ஸ்டெபிலைசர் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். நானும் அம்மாவும் வேங்கிக்காலில் புதிதாக வந்த வீட்டு வரிசையில் குடியிருந்தோம். ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்கு விளக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் போர்டு ஒன்றை நான் செய்து கொடுத்ததைப் பார்த்து, ஊரில் பரதம் சொல்லிக்கொடுக்கும் ஒரு அக்கா என்னைத் தேடி வந்தார். அவருடைய அம்மா இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. கடையில் நின்றபடியே சொன்னார்: "எனக்கு மேடையில ஒரு சாவு வீடு வேணும். அழகா வேணாம். லைட்டு மட்டும் உன் பொறுப்பு."

குழுவில் மொத்தம் ஐந்து பேர். அக்கா. அவருடைய மூத்த மாணவிகள் இரண்டு பேர். கூத்தில் பெண் வேஷம் கட்டும் ஒரு அண்ணன், பகலில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜாக்கெட் தைக்கிறவர். அப்புறம் நான்.

யாரும் கதை எழுதவில்லை. அக்கா ஒரு விதி வைத்திருந்தார். ஒவ்வொருவரும் தன் வீட்டுச் சாவிலிருந்து ஒரு காரியத்தைக் கொண்டுவர வேண்டும். அன்று தன் உடம்பால் செய்த ஒன்று, அல்லது செய்யத் தவறிய ஒன்று. மற்றவர்கள் அதைத் தங்கள் உடம்பில் வாங்கிச் செய்து பார்ப்பார்கள். ஐந்து உடம்பிலும் நின்றால் அது நாடகத்தில் இருக்கும், நிற்காவிட்டால் போய்விடும். அக்கா கொண்டுவந்தது அவர் அம்மாவின் புடவைகளை மடித்தது. பதினோரு புடவை மடித்த பிறகு பன்னிரண்டாவதில் கை நின்றுவிட்டதாம். மாணவிகளில் ஒருத்தி, துக்கம் கேட்க வரும் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு வட்டமாக உட்கார்ந்து ஆடி ஆடி அழுவதைக் கொண்டுவந்தாள். அதில் அவளுக்கு இடம் கிடைக்காமல் வெளியே நின்றிருக்கிறாள்.

முதல் நான்கு நாள் ஒத்திகை அக்காவின் நடன வகுப்பு நடக்கும் மாடியில். ஐந்தாம் நாள் கீழ் வீட்டு அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு மேலே வந்துவிட்டார்.

"ஏம்மா, வெள்ளிக்கெழம அதுவுமா வீட்ல ஒப்பாரி வெக்கிறீங்களே, யாரு செத்தா?"

"யாரும் இல்லம்மா. இது நாடகம்" என்றார் அக்கா.

"யாரும் சாவாம எதுக்கு அழுவுறீங்க? இப்டி அழுதா யாராவது சாவ மாட்டாங்களா? எங்க வூட்டுக்காரருக்கு ஏற்கெனவே பிரஷர் ஜாஸ்தி."

தையல்கார அண்ணன் மிகவும் மரியாதையாக, "அவருக்கு ஒண்ணும் ஆவாதும்மா, நாங்க வேற பேரச் சொல்லித்தான் அழுவுறோம்" என்றார். அதோடு மாடி போனது. ஊருக்கு வெளியே ஒரு மல்லாட்டை குடோன் காலியாகக் கிடந்தது. அங்கே போனோம். தரை முழுக்க வேர்க்கடலைத் தோல். ஆடி முடித்தால் எல்லோர் பாதமும் சிவந்திருக்கும்.

அண்ணன் கொண்டுவந்த காரியத்தை நான் போர்டுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டேன். ஒரு ஊரில் ராணி வேஷத்தில் இருக்கும்போது அவருடைய சொந்த அண்ணன் செத்த சேதி வந்திருக்கிறது. விடியும்வரை ஆடி முடித்து, வேஷத்தைக் கலைக்க நேரமில்லாமல் அப்படியே பஸ் ஏறிவிட்டார்.

"பொட்டும் மையுமா போய் நின்னேன். சனம் பாத்துட்டு சிரிச்சிடுச்சி. எங்கண்ணன் அங்க கெடக்கறான், சனம் சிரிக்குது. எங்கண்ணி கூட சிரிச்சிட்டு அப்புறம் அழுதுச்சி. நானும் சிரிச்சிட்டேன், என்னா பண்றது."

தேங்காய் எண்ணெய் தொட்டு முகத்து வர்ணத்தைத் துடைப்பதை அவர் ஆறு நிமிடம் செய்து காட்டினார். துடைக்கத் துடைக்க முகம் இன்னும் அலங்கோலமானது. எங்களில் யாரும் சிரிக்கவில்லை.

பிறகு அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ?"

"நான் லைட்டுதாங்க்கா."

"லைட் போடறவங்க வீட்ல யாரும் சாவறதில்லியா?"

மூன்று நாள் கழித்துப் பட்டியலைக் கொண்டுபோனேன். மதிப்பெண் சான்றிதழ்களோடு பிளாஸ்டிக் கவரில் அது பத்திரமாகத்தான் இருந்தது. அதற்கு உடம்பு அசைவே கிடையாது, வெறும் எழுத்து, அக்கா வேண்டாம் என்று விட்டுவிடுவார் என்று நினைத்தேன். சத்தமாகப் படிக்கச் சொன்னார். படித்தேன். மாணவிகள் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு அடி நடந்து ஒரு வாசலில் நிற்பதுபோல நின்றார்கள். நாற்பத்தொரு அடி, நாற்பத்தொரு நிற்பு. பார்க்க நன்றாக இருந்தது. முடிந்ததும் தையல்கார அண்ணன் ஒருமாதிரியாக என்னைப் பார்த்தார்.

"பங்காளி இருக்குது, சம்பந்தி இருக்குது, அப்பா வேல செஞ்ச உரக்கடை மொதலாளி கூட இருக்கறாரு. ஏம்மா, உங்கப்பாவுக்குக் கூடப் பொறந்த பொண்ணு யாரும் இல்லியா?"

"இருக்காங்க."

"எத்தினாவது பேரு? நான் கவனிக்கலியே. சாவுன்னா மொத ஆளு அவங்கதானே போவணும்."

எட்டு வருடத்தில் யாரும் பட்டியலைப் பார்க்கக் கேட்டதில்லை. அவர் காதால் கேட்டே கண்டுபிடித்துவிட்டார். நான் சொல்லிவிட்டேன். வரிசை எண்கள் இல்லாமல், முன்னும் பின்னுமாக, சூடம் வரைக்கும்.

அக்கா, "இதுதான் நாடகத்தோட கடைசி" என்றார். கண் கலங்கியிருந்தது. ஆனால் அந்தக் கண்ணில் ஒரு வெளிச்சமும் இருந்தது. தேடிக்கொண்டிருந்த சாமான் கிடைத்துவிட்ட வெளிச்சம். எனக்குக் கோபம் வந்தது. பட்டியலை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

"இந்தப் பொண்ணோட அத்தையக் கேக்காம மேடையில வெக்காதீங்க" என்று அண்ணன் அக்காவிடம் சொன்னார். "இருவது வருஷமா பொம்பள வேஷம் கட்டறேன். பொம்பளைங்க சாபம் எனக்குத் தெரியும்."

அவர் விளையாட்டாகச் சொன்னதை நான் நிஜமாக எடுத்துக்கொண்டேன். அடுத்த புதன்கிழமை கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் அடி அண்ணாமலை போனேன். எப்படிப் பேசுவது என்று வழியெல்லாம் யோசித்தேன். மன்னிப்புக் கேட்டுத் தொடங்குவதா, உடம்பு எப்படி இருக்கிறது என்று தொடங்குவதா. இறங்கியபோது வேறு ஒன்று முடிவாகியிருந்தது. சாவு சொல்ல ஒரு முறை இருக்கிறது. அதன்படியே சொல்லிவிடுவது.

அத்தை வீட்டு முன்பக்கமே கடை. கீற்றுக் கொட்டகை, மோர்ப்பானை, வாழைப்பழத் தார், மலை சுற்றுகிறவர்களுக்குக் கற்பூரப் பொட்டலம். அத்தை எலுமிச்சம்பழத்தை நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. அப்பாவின் நெற்றி அவளிடம் அப்படியே இருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது, கத்தி நின்றது. 'வா' என்று சொல்லவில்லை.

நான் கொட்டகைக்கு வெளியிலேயே நின்றேன்.

"அத்த, அப்பா செத்துட்டாரு."

"என்னாது?"

"அப்பா செத்துட்டாரு. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பைத்தியமாடி புடிச்சிருக்குது உனக்கு? எட்டு வருஷம் ஆவுது. சாம்பலே மண்ணாப் போயிருக்கும்."

"அன்னிக்கு உங்களுக்குச் சொல்ல யாரும் வரல. லிஸ்ட் எழுதினது நான். உங்க பேர நான் எழுதல. அம்மா கேட்டாங்க, சொல்லியாச்சுன்னு சொன்னேன். அம்மா அத நம்பித்தான் சூடம் அணைச்சாங்க. செங்கத்துக்குப் போனவங்க மேலயும் தப்பு இல்ல."

"ஏன் எழுதல? உங்கம்மா எழுத வாணாம்னாளா?"

"இல்ல அத்த. ரோடு ரோடா பிரிச்சி எழுதினேன். உங்க ஊரு எந்த ரோட்லயும் வரல."

அவள் சட்டென்று சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது. "பஸ் ரூட்டு பாத்து சாவு சொன்னியா? நல்ல படிப்புடி. கைய நீட்டினா தொடற தூரத்துல இருக்கறேன், எனக்கு பஸ் வரலன்னு வுட்டுட்ட." பிறகு குரல் இறங்கியது. "நாலு மணிக்கு எடுத்தாங்களாம். நாலு மணிக்கு நான் இன்னா பண்ணிக்கினு இருந்தேன் தெரியுமா? இதோ இங்க குந்திக்கினு மோர் ஊத்திக்கினு இருந்தேன். எந்தம்பி எரியறான், நான் வர்றவங்களுக்கெல்லாம் உப்பு போதுமா, உப்பு போதுமான்னு கேட்டுக்கினு இருக்கறேன். மறுநாளு காலைல எவனோ மோர் குடிக்க வந்தவன் சொல்றான்."

நான் மோர்ப்பானையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எட்டு வருஷம் உங்கம்மாவ வாயில வரக்கூடாத பேச்செல்லாம் பேசியிருக்கறேன். அவ பண்ணாததுக்குப் பேசியிருக்கறேன். அத இப்ப யார் தலைல வெக்கறது, உந்தலைலியா?"

"ஆமாங்க அத்த."

"ஆமாங்களாம்." எலுமிச்சம்பழத்தை மறுபடி எடுத்தாள். நறுக்கவில்லை. "இன்னா சட்ட போட்டு அனுப்பனீங்க?"

சொன்னேன். பச்சைக் கட்டம் போட்டது, தீபாவளிக்கு எடுத்தது. முகம் எப்படி இருந்தது, யார் குளிப்பாட்டினார்கள், யார் முதலில் அரிசி போட்டார்கள், வாய் மூடியிருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எனக்குத் தெரிந்ததை வரிசை மாறாமல் சொன்னேன். நடுவில் ஒருவர் மோர் கேட்டு வந்தார். ஊற்றிக் கொடுத்தாள். உப்பைப் பற்றிக் கேட்கவில்லை.

நாடகத்தைப் பற்றியும் சொன்னேன், மறைத்துவிட்டு வர விருப்பமில்லை. அத்தைக்கு முகம் மாறிவிட்டது. "என் வயித்தெரிச்சல் உங்களுக்கு ஆட்டமா? எம்பேர அங்க சொல்லாத." பிறகு கேட்டாள்: "உங்கம்மாகிட்ட இதச் சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"எங்கிட்ட வந்து நிக்கிற. மொதல்ல அவகிட்ட சொல்லணும்டி நீ."

அது சரிதான். என் வரிசை மறுபடியும் தப்பு. 'வரேன்' என்று சொல்லாமல் திரும்பினேன். அவளும் கூப்பிடவில்லை.

அம்மாவிடம் அன்று சாயங்காலமே சொன்னேன். அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை கை ஓடிக்கொண்டே இருந்தது. முடித்ததும் முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"நான் கேட்டப்ப சொல்லியாச்சுன்ன."

"ஆமாம்மா."

"எப்ப தெரிஞ்சிது உனக்கு?"

"மூணாம் நாளு."

"காரியம் பதினாறாம் நாளு." அம்மா விரல் விட்டு எண்ணவில்லை. ஆனால் எண்ணினாள் என்று தெரிந்தது. "நான் சூடம் அணைக்கறப்ப பாத்துக்கினுதான் இருந்த."

அம்மா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அங்கே வடு ஒன்றும் இல்லை, சூடம் சுடுகிற சூடு அவ்வளவுதான். பொய்ச் சத்தியம் வீட்டுக்கு ஆகாது என்று நம்புகிறவள் அம்மா. எட்டு வருடத்தில் வீட்டில் வந்த காய்ச்சல், என் தட்டிப்போன இரண்டு வரன் எல்லாவற்றையும் அவள் மனதில் ஒருமுறை புரட்டியிருப்பாள். என்னைத் திட்டவில்லை. நான்கு நாள் பேசவும் இல்லை. சாப்பாடு எடுத்து வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

ஐந்தாம் நாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது சொன்னாள்: "அத்தினி பேரு முன்னாடி நான் சத்தியம் பண்ணேன். நீயும் அத்தினி பேரு முன்னாடி சொல்லு."

"எங்க சொல்றதும்மா?"

"அதான் ஆடறீங்களே. அங்க சொல்லு. நான் எல்லாருக்கும் சொல்லி அனுப்பறேன்."

அதன் பிறகு எனக்கும் அக்காவுக்கும் ஒரு வாரம் வாக்குவாதம். அந்த இடத்தில் அக்கா மௌனமும் மெல்லக் குறையும் வெளிச்சமும் கேட்டார். விட்டுப்போன அடியை மாணவிகள் காற்றில் தூக்கி நிறுத்தினால் போதும், பார்க்கிறவர்களுக்குப் புரியும் என்றார். கலையாகப் பார்த்தால் அவர் சொன்னது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் என் பெரியப்பாவுக்குப் புரியாது. அவருக்குப் புரியாமல் நான் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. கடைசியில் அண்ணன்தான் தீர்த்து வைத்தார். "கூத்துல கூட நடுவுல கட்டியக்காரன் வந்து நேராப் பேசிட்டுப் போவான். அதனால கூத்து கெட்டாப் போச்சி?"

கல்யாண மண்டபங்கள் எதுவும் கிடைக்கவில்லை. தாலி கட்டுகிற இடத்தில் சாவு ஆட்டமா என்றார்கள். குடோனிலேயே நடத்தினோம். சனிக்கிழமை மாலை ஆறரை மணி. பால்பவுடர் டின்னில் நானே செய்த ஆறு விளக்குகள். வாசலில் ஒரு மாணவி பழக்கதோஷத்தில் சந்தனமும் கல்கண்டும் வைத்துப் பன்னீர்ச் செம்போடு நின்றிருந்தாள். அண்ணன் ராணி ஒப்பனையோடு ஓடிவந்து செம்பைப் பிடுங்கினார். "துக்கத்துக்கு வர்றவங்கள பன்னீர் தெளிச்சா கூப்புடுவாங்க? யாரையும் வாங்கன்னு கூட சொல்லாத, தள்ளி நில்லு."

அம்மா சொன்னபடி சொல்லி அனுப்பியிருந்தாள். ஆள் விட்டு, வீடு வீடாக. சத்தியத்தின்போது இருந்தவர்களில் இருபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். அம்மா கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்தாள். அத்தை வரவில்லை. மாமா மட்டும் வந்திருந்தார், துண்டை மடியில் போட்டுக்கொண்டு.

புடவை மடிப்பது, வட்டம், எண்ணெய் தொட்டுத் துடைப்பது எல்லாம் ஒத்திகையில் வந்ததைவிட நன்றாக வந்தன. வட்டத்தின்போது பார்வையாளர்களில் இரண்டு மூன்று பெண்கள் உட்கார்ந்த இடத்திலேயே ஆட ஆரம்பித்துவிட்டார்கள். பிறகு என் முறை. டிம்மரின் பிடியை ஒரு மாணவியிடம் கொடுத்துவிட்டு வெளிச்சத்துக்கு வந்தேன். நாற்பத்தொரு பெயரையும் படித்தேன். நிமிர்ந்து, எழுதி வைக்காததைச் சொன்னேன்.

"இந்த லிஸ்ட எழுதினது நான். எங்கப்பா கூடப் பொறந்தவங்க வீடு இதுல இல்ல. யாரும் வுட சொல்லல, நானா வுட்டுட்டேன். சொல்லியாச்சான்னு எங்கம்மா கேட்டாங்க, பாக்காமயே சொல்லியாச்சுன்னேன். எங்கம்மா பண்ண சத்தியம் என் வார்த்தைய நம்பிப் பண்ணது. எனக்கு உண்ம தெரிஞ்சும் அன்னிக்கு வாயத் தொறக்கல."

அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அத்தையின் பெயரைச் சொல்லவில்லை. திரும்பிப் போய்ப் போர்டில் உட்கார்ந்து, ஆறு விளக்கையும் ஒவ்வொன்றாக இறக்கினேன்.

வெளியே பெரியப்பா செருப்பைத் தேடிக்கொண்டே, "இத சொல்றதுக்கா இத்தினி லைட்டு? வூட்லியே சொல்லியிருக்கலாமே" என்றார். செங்கம் ரோட்டுக்குப் போன சித்தப்பா மகன் நேராகப் பெரியப்பாவிடம் போய், "கேட்டியா? எட்டு வருஷமா நான்தான் குடிச்சிட்டு எங்கியோ படுத்துட்டேன்னு சொன்னியே, கேட்டியா?" என்று சத்தம் போட்டான். அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. அன்றே கேட்டேன். "போ, போ" என்றான்.

மாமா அம்மாவைத் தேடிப் போய் எதிரில் நின்றார். "அன்னிக்கு சபையில எழுந்து கேட்டது நான்தாம்மா."

"நீங்க கேட்டது சரிதாங்க" என்றாள் அம்மா. "அண்ணி எப்டி இருக்காங்க?"

"இருக்கறா. அவதான் போய்ட்டு வாய்யான்னு அனுப்பனா."

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. நாடகத்தை அதற்குப் பிறகு நான்கு முறை நடத்தினோம். வேறு ஊர்களில் பட்டியல் பகுதியை அக்கா விரும்பியபடி மௌனமாகவே வைத்துக்கொண்டோம். பிறகு மாணவிகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, நிறுத்திவிட்டோம். அண்ணன்தான் எனக்கு ஜாக்கெட் தைக்கிறார்.

அத்தை எங்கள் வீட்டுக்கு இன்னும் வரவில்லை. அம்மா இரண்டு முறை அங்கே போயிருக்கிறாள். மழை, முழங்கால் வலி, மாமாவின் சர்க்கரை என்று பேசிக்கொண்டார்களாம். அந்த நாளைப் பற்றி இருவரும் பேசவில்லை. நான் போனால் அத்தை 'வா' என்கிறாள், உள்ளே உட்காரச் சொல்கிறாள்.

அம்மா என்னோடு முன்போலப் பேசுகிறாள். ஒரு மாற்றம்தான். கேஸ் மூடியாச்சா, கதவு பூட்டியாச்சா, இன்னாருக்குச் சொல்லியாச்சா என்று கேட்பாள். ஆச்சு என்று நான் சொன்ன பிறகு, தானே எழுந்து போய் ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறாள்.